தொப்பூர் இறக்கமும் பேசத் தெரியாத லாரிகளும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாயில், முன்னால் போகும் லாரி வேகம் குறைவதைப் பின்னால் வருபவர் அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தே அறிகிறார். அவருக்கும் பின்னால் வருபவருக்கு அதுவும் தெரிவதில்லை. இந்தத் தாமதம் வண்டிக்கு வண்டி கூடிக்கொண்டே போகிறது.

விபத்தோ தடையோ இல்லாமலேயே நெரிசல் உருவாகும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனை காட்டியது. 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள்; சற்று நேரத்தில் நின்று நின்று நகரும் அலை ஒன்று தோன்றிப் பின்னோக்கி நகர்ந்தது. பின்னர் அமெரிக்காவின் அரிசோனாவில் இதே போன்ற வட்டத்தில், இருபதுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு நடுவே வேகம் தானியங்கியாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஒரே ஒரு கார் அந்த அலையைப் பெருமளவு அடக்கிவிட்டது. எல்லா வண்டிகளும் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது.

வண்டிகள் வானொலி அலை வழியே வேகத்தைப் பகிர்ந்துகொண்டு, அணியாக நெருங்கி ஓடுவதைக் கலிபோர்னியாவில் 1997இலேயே செய்து காட்டினார்கள். நம் ஃபாஸ்டேக் மற்ற வண்டிகளோடு பேசுவதில்லை, பெரும்பாலும் சுங்கச்சாவடியோடுதான் பேசுகிறது (அதுவும் சில நேரங்களில் மனமில்லாமல்).

தொப்பூருக்கு அணிவகுப்பைவிட எச்சரிக்கையே முதலில் தேவை என்பது என் கருத்து. மேலே ஒரு லாரியின் பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகும்போதே, கீழே இறங்கிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குச் செய்தி சென்றுவிட்டால், வழிவிட அவற்றுக்குச் சில நொடிகளாவது கிடைக்கும்.