எல்லைக்கோட்டில் முட்டிக்கொண்ட நிறங்கள்

திட்டமிடல் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, அடுத்தடுத்து இருந்த சில ஊர்களின் முழுமைத் திட்டங்களை, அதாவது எந்த நிலம் எதற்கு என்று ஒவ்வோர் ஊரும் குறித்த வரைபடங்களை, ஒரே மண்டல வரைபடமாகச் சேர்ப்பது. குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. ஒவ்வொரு ஊரும் தன்னளவில் கவனமாகத்தான் போட்டிருந்தது. சேர்த்து வைத்ததும் எல்லைக்கோடுகளில் நிறங்கள் முட்டிக்கொண்டன. ஓர் ஊர் தொழிற்பேட்டையைத் தன் வீடுகளை விட்டுத் தள்ளி ஊர்க்கோடியில் வைத்திருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊரின் குடிநீர்க் கிணறுகள் இருந்தன. இன்னோர் ஊரின் அகலச் சாலை எல்லை வரை வந்து, அதற்கப்பால் வண்டிப்பாதையாகச் சுருங்கியது.

அப்புறம் மக்கள்தொகைக் கணிப்புகளைக் கூட்டினேன். எல்லா ஊர்களுமே தாங்கள் வேகமாக வளரப்போவதாக எழுதியிருந்தன. கூட்டிப் பார்த்தால், மண்டலம் முழுவதற்கும் கணித்ததைவிட வெகு அதிகம். வரப்போகாத மக்களுக்காக விளைநிலம் மனைகளாகக் குறிக்கப்பட்டிருந்தது. இப்படிப் பல ஊர்களைச் சேர்த்துப் போடும் மண்டலத் திட்டத்தின் நோக்கங்களைப் படிப்பில் மனப்பாடமாகவே எழுதியிருக்கிறேன். வீடும் வேலையும் போக்குவரத்தும் பொருந்தி வரவேண்டும், நீரும் மண்ணும் காக்கப்பட வேண்டும், வளர்ச்சி ஒரே இடத்தில் குவியக் கூடாது. அதெல்லாம் நிஜத்தில் என்னவென்று அந்தக் கூட்டல் கணக்கில்தான் விளங்கியது.

கோபன்ஹேகனுக்கு 1947-இல் போட்ட திட்டத்தை அந்த நாட்களில் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். ரயில் பாதைகளை ஒட்டி விரல்கள் போல நகரம் வளரும். விரல்களுக்கு இடையில் பசுமை நிலம் இருக்கும். எங்கே கட்டலாம் என்பதோடு, எங்கே கட்டக் கூடாது என்பதையும் அந்த ஒரே படம் சொல்லிவிடுகிறது.

எங்கள் வரைபடத்தில் ஆற்றோரம் ஒரு பெரிய வெற்றுத் துண்டு இருந்தது. கட்டடம் இல்லை, பயிர் இல்லை. நான்தான் அதை ‘வளர்ச்சிக்கு உகந்தது’ என்று குறித்தேன். களத்துக்குப் போனபோது அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: “காலி எடமில்ல தம்பி. மழைக்கு ஆத்துத் தண்ணி வந்து தங்குற எடம்.” திரும்பி வந்து, நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகளை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தத் துண்டை நிரப்பியிருந்தால், அங்கே தங்கும் தண்ணீர் கீழே இருக்கும் ஊருக்குள் போயிருக்கும். என் மேசையில் நடந்த இந்தத் தப்பு அச்சாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வெகுநாள் என்னை விடவில்லை.

நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தின்போது சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகு கரையை உயர்த்திக்கொண்டே போவதை மட்டும் நம்பாமல், ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தை 30-க்கும் மேற்பட்ட இடங்களில் செய்தார்கள். நைமேகன் நகரத்துக்கு எதிரே வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளிப் புதுக் கால்வாய் வெட்டினார்கள். அதற்காக ஏறக்குறைய 50 வீடுகள் போயின. நிலம் வெறுமையாக இருக்கும்போதே ஆற்றுக்கென்று விட்டுவைப்பதற்கும், குடியிருப்பவர்களை எழுப்பி அனுப்புவதற்கும் உள்ள தூரம் பெரியது.

சரி, விட்டுவைப்பது என்று தீர்மானித்தோம். அடுத்த கூட்டத்தில் மேல் ஊரின் பிரதிநிதி எழுந்து கேட்டார்: “எங்க நிலத்தைச் சும்மா போட்டு வைக்கணும். வெள்ளம் வராம பிழைக்கப்போறது கீழ இருக்கிற ஊர். எங்களுக்கு வரவேண்டிய வரி வருமானத்துக்கு யார் பொறுப்பு?” அவர் கேட்டது நியாயம். எங்கள் வரைவில் அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. நிலத்துக்கு நிறம் பூசியிருந்தோமே தவிர, அதனால் வரும் இழப்பை யாரெல்லாம் சுமப்பது என்று யோசிக்கவே இல்லை. அன்று மாலை வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்த இழப்பை ஈடுகட்ட, தொழிற்பேட்டையின் வரி வருமானத்தை மேல் ஊரும் கீழ் ஊரும் எப்படிப் பங்கிடலாம் என்று எழுதத் தொடங்கினோம். அந்த அத்தியாயத்தை மட்டும் நான்கு முறை திருத்தினோம்.