மெரோபெனம் குறையவே இல்லை

பார்மசி படித்தவள் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால் ஏதோ புது மருந்து கண்டுபிடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் பார்த்ததோ முழுக்க முழுக்கக் கணக்குப்பிள்ளை வேலை. வார்டு வார்டாகப் போய் கேஸ் ஷீட்டைப் புரட்டி, யாருக்கு எந்த ஆன்டிபயாடிக், எத்தனை கிராம், எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு வருவேன். எத்திக்ஸ் கமிட்டி இரண்டு தடவை திருப்பி அனுப்பிய கதையை விட்டுவிடுகிறேன், அது எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஆன்டிபயாடிக் உபயோகத்தை அளக்க டிடிடி என்று ஓர் அலகு உண்டு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக இவ்வளவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அளவு இருக்கும், செலவான மொத்த கிராமை அதால் வகுக்க வேண்டும். இரண்டு வருடக் கணக்கை வரைபடமாகப் போட்டபோது மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியின் உபயோகம் 2019-இல் சட்டென்று மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. கைடுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான், ஸ்லைடு எல்லாம் தயார் செய்துவிட்டேன். மருந்துக் கிடங்கில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னால் அவர், "என்னம்மா சொல்றே, வாங்குறது குறையவே இல்லையே" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. விஷயம் இதுதான்: 2019-இல் மெரோபெனத்தின் டிடிடியை 2 கிராமிலிருந்து 3 கிராமாக மாற்றியிருந்தார்கள். 90 கிராம் செலவு பழைய கணக்கில் 45, புதுக் கணக்கில் 30. பழைய வருடத்துக்குப் பழைய பட்டியலையும் புது வருடத்துக்குப் புதுப் பட்டியலையும் வைத்து வகுத்திருக்கிறேன், அவ்வளவுதான், ஒரு ஊசிகூடக் குறையவில்லை. அமாக்சிசிலின் மாத்திரையும் அதே வருடம் 1 கிராமிலிருந்து 1.5 ஆகியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் திரும்பப் போட்டேன்.

தீசிஸின் மறுபாதி மருந்துத் தவறுகள். தப்பு நடந்தால் எழுதிக் கொடுங்கள் என்று ஒரு படிவம் வைத்திருந்தோம், மாதத்துக்கு இரண்டு மூன்று வந்தாலே பெரிது. எழுதுகிறவர் பெயர் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டோம், வாரத்துக்கே அத்தனை வர ஆரம்பித்தது. உடனே நிர்வாகத்தில் கூப்பிட்டு, நீ வந்த பிறகுதான் தவறுகள் கூடியிருக்கின்றன என்றார்கள்! கூடியது தவறு இல்லை சார், சொல்வதுதான் கூடியிருக்கிறது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரு கோடு இறங்கியதைப் பார்த்து ஏமாந்தவள் நான், ஏறியதைப் பார்த்துப் பயந்தவர்கள் அவர்கள்.

அப்படி வந்த ஒரு படிவத்தில் ஒரு நர்ஸ் எழுதியிருந்தார்: ஒரு கிராம் வான்கோமைசின் (இதுவும் ஓர் ஆன்டிபயாடிக்) இருபது நிமிடத்தில் ஏறிவிட்டது, நோயாளிக்கு முகமும் கழுத்தும் சிவந்து ஒரே அரிப்பு. குறைந்தது ஒரு மணி நேரமாவது ஏற்ற வேண்டிய மருந்து அது. வேகமாக ஏற்றினால் உடம்பு சிவப்பது பெரும்பாலும் அலர்ஜியே இல்லை, மெதுவாக ஏற்றினால் மறுபடி கொடுக்கலாம். ஆனால் கேஸ் ஷீட்டில் அதற்குள் சிவப்பு மையில் 'வான்கோமைசின் அலர்ஜி' என்று ஏறிவிட்டது, மருந்தை லினசோலிடுக்கு மாற்றச் சொல்லியும் எழுதியாகிவிட்டது. லினசோலிட், உலக சுகாதார நிறுவனம் 2017-இல் போட்ட ஆன்டிபயாடிக் வகைப்பாட்டில் 'ரிசர்வ்' பிரிவில் இருப்பது, வேறு வழி இல்லாதபோது எடுக்கவேண்டிய கடைசிக் கையிருப்பு. அந்தப் படிவம் வந்திருக்காவிட்டால் அந்த நோயாளி ஆயுள் முழுக்க அலர்ஜிக்காரராகவே இருந்திருப்பார், ஒவ்வொரு தடவையும் கையிருப்பில்தான் கை வைத்திருப்பார்கள். டாக்டரிடம் பேசி அந்த வரியை அடிக்க வைத்தோம்.

வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, மருந்துத் தவறும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் (கொடுக்கக் கொடுக்கக் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது) இரண்டு தலைப்பு ஆயிற்றே, ஏன் ஒரே தீசிஸில் போட்டீர்கள் என்பதுதான். நான் அந்த நர்ஸின் படிவத்தை எடுத்துப் படித்தேன்.