சீனாய் மலையும் தீய்ந்துபோகாத முட்செடியும்

மோசே கடவுளிடமிருந்து கட்டளைகளைப் பெற்றதாக நம்பப்படும் எகிப்தின் சீனாய் மலைக்குப் போக நேர்ந்துகொண்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிழமை. அடிவாரத்தில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் துறவிகள் வாழும் புனித கத்தரீன் மடம் வெள்ளி, ஞாயிறு இரண்டு நாளும் பயணிகளுக்குத் திறக்காது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருவிழா நாட்களிலும் அப்படியே. திறக்கும் நாளிலும் காலை 9 மணி தொடங்கி நண்பகலுக்கு முன்பே சாத்திவிடுவார்கள். மலை ஏறுவதோ இரவில். ஆகவே வியாழன் இரவோ சனி இரவோ ஏறுகிற குழு, விடிந்து இறங்கி வரும்போது பூட்டிய கதவைத்தான் பார்க்கும். எகிப்து, இஸ்ரயேல், யோர்தான் மூன்றையும் சேர்த்து அழைத்துப் போகிற பயண ஏற்பாட்டாளர்கள் பலர் "சீனாய் மலை, கத்தரீன் மடம்" என்று ஒரே வரியில் அச்சடித்துவிடுகிறார்கள். கிழமையைக் கவனிப்பதில்லை. கடவுள் தீயிலிருந்து மோசேயை அழைத்த முட்செடி அந்த மடத்துக்குள்தான் இருக்கிறது என்பது மரபு; அதைக் காணாமலே திரும்பியவர்கள் நிறைய. முன்பணம் கட்டுமுன் இந்த ஒன்றைக் கேட்டுவிடுங்கள்.

கெய்ரோவிலிருந்து சூயஸ் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கப் பாதையைக் கடந்து பாலைவனத்துக்குள் நுழைந்தால், வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பேருந்தின் வயிற்றில் போட்டுவிட்டு, ஒவ்வொரு சாவடியிலும் இறங்கித் தேடுகிறவர்களால் முழுக் குழுவும் தாமதமாகும். கைப்பையில் வைத்திருங்கள். பகல் முழுவதும் இந்தப் பயணத்திலேயே போய்விடும். மாலையில் விடுதி சேர்ந்து, சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்துவிட வேண்டும். நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் எழுப்புவார்கள். பெதூயின் என்னும் உள்ளூர்ப் பாலைவன மக்களில் ஒருவர் வழிகாட்டியாக இல்லாமல் ஏற விடமாட்டார்கள்.

மடம் இருக்கும் பள்ளத்தாக்கே 1,500 மீட்டருக்கு மேல். உச்சி 2,285 மீட்டர். ஏறுவது ஏறக்குறைய 700 மீட்டர்தான் என்றாலும் இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் உச்சியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும், பனியும் விழும். பாலைவனம் என்றதும் பருத்திச் சேலையோடும் செருப்போடும் வந்து நிற்கிறார்கள் நம் ஆட்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏறும்போது வியர்க்கும். வியர்வையில் நனைந்த உடையோடு உச்சியில் காற்றில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுக்கம் பிடித்துக்கொள்ளும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், பையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். உள்ளே போட்டுக்கொள்ள உலர்ந்த பனியன் ஒன்று, காதை மூடும் குல்லா, தலையில் கட்டும் டார்ச், ஒன்றரை லிட்டர் தண்ணீர், தேநீருக்கும் கழிப்பறைக்கும் எகிப்து நாணயத்தில் சில்லறை நோட்டுகள். கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை போய்விடும், பேட்டரியும் போய்விடும்.

ஒட்டகக்காரர்கள் பாடு தனி. கிளம்பும் இடத்திலேயே சூழ்ந்துகொண்டு, "வேண்டாம்" என்றாலும் பின்னாலேயே ஒட்டகத்தை நடத்திக்கொண்டு வருவார்கள். மூச்சு வாங்கி நிற்கும் ஒவ்வொரு வளைவிலும் இருட்டுக்குள்ளிருந்து "கேமல், கேமல்" என்று ஒரு குரல். செபமாலையில் அடுத்த மணிக்குப் போவதற்குள் இன்னொரு குரல். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் முழங்கால் வலி உள்ளவர்கள் வீம்பு பார்க்காமல் ஏறிக்கொள்வது நல்லது. ஏறுமுன் விலையைப் பேசி முடியுங்கள், எதுவரை என்பதையும் பேசுங்கள். எந்த ஒட்டகமும் உச்சிவரை போகாது. கடைசி 750 படிகளுக்குக் கீழே இறக்கிவிட்டுவிடும், அதற்குமேல் நடைதான். நடந்து போகிறவர்கள் ஒட்டகம் கடக்கும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்கக் கூடாது, மலைச் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். இந்த ஒட்டகக்காரர்கள் ஜெபலியா என்னும் பெதூயின் இனத்தவர், அவர்கள் மீது ரொம்பவும் கோபப்படவும் வேண்டாம். ஆறாம் நூற்றாண்டில் மடத்தைக் காக்கப் பேரரசர் யுஸ்தீனியன் அனுப்பி வைத்தவர்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். முஸ்லிம்கள். அந்தக் கிறிஸ்தவ மடத்துக்கு இன்றும் துணை நிற்பவர்கள்.

அந்த 750 படிகள் கரடுமுரடான பாறைத் துண்டுகள். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது கணுக்கால் உயரம். இங்கேதான் எல்லோருக்கும் மூச்சு திணறும். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து ஏறினால் போதும். இந்த இடத்தில் சொல்வதற்கென்றே விவிலியத்தின் 104ஆம் திருப்பாடலை மனப்பாடம் செய்துகொண்டு போகலாம். கீழே மடத்தில் துறவிகளின் மாலைச் செபமும் அன்றாடம் அந்தப் பாடலோடுதான் தொடங்குகிறது. கடவுளே, நீர் மூச்சை நிறுத்தினால் உயிர்கள் மாண்டு புழுதிக்குத் திரும்பும், உம் ஆவியை அனுப்பினால் படைக்கப்பெறும் என்கிறது அது. படைப்பு என்பது என்றோ ஒருநாள் நடந்து முடிந்த வேலை என்று எண்ணுகிறவர்களுக்கு, அடுத்த மூச்சு வருமா என்று நிற்கும் அந்தப் படியில் வேறு விதமாக விளங்கும். இந்த மூச்சும் இப்போது தரப்படுவது.

உச்சியில் 1934இல் கட்டிய தமத்திரித்துவச் (மூவொரு கடவுள்) சிற்றாலயம் உண்டு. பெரும்பாலும் பூட்டியே இருக்கும். பக்கத்தில் சிறிய மசூதி. ஆலயத்துக்குள் போய்ச் செபிக்கலாம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வெளியே பாறையில்தான் இடம், அதற்கும் போட்டி. வாடகைக் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர். செல்பி, ஆரவாரம், ஒரு குழு பாட்டுப் பாட இன்னொரு குழு அதைவிட உரக்கப் பாட, எங்கே முழந்தாளிடுவது? முகப்புக் கூட்டத்தை விட்டுவிட்டு ஆலயத்தின் பின்பக்கம் போனால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

சூரியன் எழும்போது கைதட்டுகிறார்கள். தட்டட்டும். கதிரவனையும் நிலாவையும் விண்மீன்களையும் பார்த்துக் கவர்ந்திழுக்கப்பட்டு அவற்றை வணங்காதே என்று மோசே எச்சரித்தது நினைவிருக்கிறவர்களுக்கு அந்தக் கைதட்டல் சற்று உறுத்தும். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது இன்னொன்று. அதுவரை கறுப்பாக இருந்த மலைகள் சிவந்து, காற்றுவெளி முழுவதும் ஒளியாகிறது. அந்த ஒளி காற்றின் சொத்து அல்ல. கதிரவன் இருக்கும்வரைதான் காற்றில் ஒளி, அது விலகினால் அந்தக் கணமே இருள். கடவுள் படைப்பைத் தாங்குவதற்கு இறையியலர் புனித தோமா அக்குவினா 13ஆம் நூற்றாண்டில் சொன்ன உவமை இது. வீடு கட்டிய கொத்தனார் போய்விட்டாலும் வீடு நிற்கும். உலகம் அப்படி நிற்பதல்ல. அவர் ஒரு நொடி கையை எடுத்தால் மலையும் இல்லை, மலை மேல் நிற்கும் நாமும் இல்லை.

இறங்குவதற்கு இரண்டு வழி. ஒட்டகப் பாதை நீளம், ஆனால் சரிவு மெதுவானது. மற்றது, துறவி ஒருவர் தவமாக அமைத்தார் என்று சொல்லப்படும் 3,750 படிகள். காலையில் பார்க்க மிக அழகான வழி. ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது ஏற்றமல்ல, இறக்கம். கைத்தடி இல்லாதவர்கள், ஐம்பது கடந்தவர்கள் ஒட்டகப் பாதையிலேயே இறங்கலாம். படிகளில் இறங்கினால் பெரிய சைப்பிரஸ் மரம் நிற்கும் சமவெளி ஒன்று வரும். இறைவாக்கினர் எலியாவின் இடம். இந்த மலையில் அவர் முன் பெருங்காற்று வந்தது, ஆண்டவர் அந்தக் காற்றில் இல்லை. நிலநடுக்கத்தில் இல்லை. தீயிலும் இல்லை. பிறகு அடக்கமான மெல்லிய ஒலி. குழுக்கள் பெரும்பாலும் மடத்துக்கு நேரமாகிறது என்று இங்கே நிற்காமல் ஓடிவிடுகின்றன. ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மேலே கிடைக்காத அமைதி இங்கே இருக்கிறது.

இதே மலையில் கடவுள் மோசேக்குத் தீயில் பேசினார், எலியாவுக்கோ தீயில் அவர் இல்லை. முரண்பாடு என்று தோன்றலாம். முட்செடிக்கு முன் போய் நின்றால் தெளிந்துவிடும்.

மடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் அங்கேதான் நெருக்குவார்கள். கல் சுவரால் கட்டிய மேடைமேல் அடர்ந்து தொங்கும் முள்கொடி. கூட்டம் சுவரை ஒட்டி முண்டியடிக்கும். இலை பறிக்க எம்பிக் குதிக்கிறவர்களைக் காவலர் அதட்டுவார். தயவுசெய்து பறிக்காதீர்கள். செடி முன்பு வேரூன்றியிருந்த இடத்தில்தான் முட்செடிச் சிற்றாலயம் எழுந்தது, செடியைச் சில மீட்டர் தள்ளி வைத்துக் காத்தார்கள் என்பது துறவிகளின் மரபு. அந்தச் சிற்றாலயத்துக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சாதாரணப் பயணிகளுக்கு அது பொதுவாகத் திறப்பதில்லை. வருத்தம்தான். ஆனால் வெளியே நிற்கும் செடியே போதும்.

பார்த்தால் ஒன்றுமில்லாத செடி. கேதுரு அல்ல, அத்தி அல்ல. எரிந்தது, ஆனால் தீய்ந்துபோகவில்லை. விறகைத் தின்று வாழ்வதுதான் நெருப்பின் இயல்பு. இந்த நெருப்போ செடியிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடவுள் இருப்பதற்கு உலகம் தேவையில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து அனைத்தையும் உண்டாக்கினார் என்று 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் அறிக்கையிட்டது, அவர் உலகிலிருந்து முற்றிலும் வேறானவர் என்று 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் உறுதியாகச் சொன்னது. செடி கடவுளாகவில்லை, கடவுளும் செடியாகவில்லை. அதற்காக அவர் எட்டத்தில் நிற்கவும் இல்லை. ஒவ்வொரு முள்ளுக்கும் உள்ளே, அந்த முள்ளைவிட அதற்கு நெருக்கமாக அவர் இருந்தார். காற்றும் தீயும் அவருடைய சிறைகள் அல்ல. அதனால் எலியாவுக்குத் தீயில் இல்லாதவர், மோசேக்குத் தீயில் பேச முடிந்தது. எங்கே, எப்படி என்பது அவர் விருப்பம்.

அவர் வந்தால் நாம் அழிந்துபோவோம் என்று அஞ்சுகிற மனதுக்கு இந்தச் செடியைவிட ஆறுதல் வேறு என்ன வேண்டும்? அவர் நிறைந்திருக்கும்போதுதான் செடி முழுமையாகச் செடியாக இருந்தது. கீழைத் திருச்சபை இதே செடியில் கன்னி மரியாவைக் காண்கிறது. இறைவனையே சுமந்தும் எரிந்துபோகாத தாய். நேர்ச்சையோடு வந்தவர்கள் இங்கே நின்று அழுவது அதனால்தான்.

மடத்தின் பெரிய ஆலயத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. பீடத்துக்கு மேலே ஆறாம் நூற்றாண்டு மொசைக்கில் ஆண்டவரின் உருமாற்றம், அதாவது இயேசு மலைமேல் ஒளிமயமாகத் தோன்றிய காட்சி. பீடத்துக்கு முன் நிற்கும் திருவோவியத் திரைச் சுவர் பாதியை மறைக்கும், வலப்பக்கமாகவும் இடப்பக்கமாகவும் நகர்ந்து பாருங்கள். கிறிஸ்துவின் ஒருபுறம் மோசே, மறுபுறம் எலியா. இந்த மலையில் கடவுளின் முகத்தைப் பார்க்க முடியாமல் போன இருவரும் அங்கே முகத்தைப் பார்க்கிறார்கள். அனைத்தையும் ஆளும் கிறிஸ்துவின் பழம்பெரும் திருவோவியமும் இந்த மடத்துச் சொத்துதான். மெழுகில் நிறம் குழைத்துத் தீட்டியது, அதுவும் ஆறாம் நூற்றாண்டு. கத்தோலிக்கக் குருக்கள் இந்த ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்ற முடியாது என்பதால் குழுக்கள் விடுதியிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மலை ஏற முடியாமல் விடுதியிலேயே தங்கிவிட்டு, "நேர்ச்சை பாதியில் நின்றுவிட்டதே" என்று கலங்குகிற வயதானவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. கலங்க வேண்டாம் அம்மா. மோசே மலை உச்சிக்குப் போனது பிறகு. அவரை முதலில் பெயர் சொல்லி அழைத்தது அடிவாரத்தில், ஆடு மேய்த்த இடத்தில். காலையில் 9 மணிக்கு மடத்து வாசலுக்கு வண்டியிலேயே வந்து இறங்கலாம், முட்செடிவரை மெல்ல நடந்து போய்விடலாம். ஆண்டவரே, ஏறியவர்களுக்குக் கொடுத்த மூச்சுக்கு நன்றி, ஏறாதவர்களைத் தேடிக் கீழே வந்ததற்கு நன்றி. அதட்டிய காவலருக்காக, நச்சரித்த ஒட்டகக்காரர்களுக்காக, அந்தப் பாவப்பட்ட ஒட்டகங்களுக்காக, இந்தக் கல்லுக்காக, குளிருக்காக, எங்களை உமக்குள் கரைத்துவிடாமல், உம்மை விட்டு விலக்கவும் செய்யாமல், நாங்களாகவே இருக்கவைத்து உம் கையில் வைத்திருப்பதற்காக, உமக்கு நன்றி, நன்றி, கோடி நன்றி.