விலைக் கட்டத்தில் ஒரு ரூபாய்: என் புராஜெக்ட் அனுபவம்

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டரில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடைக்கு டேட்டாபேஸ் செய்து கொடுத்தேன். இந்த வருடம் கடைக்கோ ஆபீசுக்கோ நிஜமான புராஜெக்ட் எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரிப்போர்ட்டில் சாத்தியக்கூறு என்று ஓர் அத்தியாயம் வருமே, அதில் தொழில்நுட்பத்தையும் செலவையும் விரிவாக எழுதுவோம். நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற மூன்றாவது பகுதியை "பயன்படுத்த எளிதானது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பாதி வேலையைத் திரும்பச் செய்ய வைத்தது அந்த வரிதான்.

முதலாளியிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, எந்தத் தகவல் எதோடு சேரும் என்று காட்டும் இ.ஆர். டயகிராம் போட்டேன். விவசாயி, வியாபாரி, வரத்து, பட்டுவாடா என்று டேபிள்கள். ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி பிரிக்கும் நார்மலைசேஷனும் செய்தேன், மூன்றாம் நார்மல் ஃபார்ம் வரை. கல்லூரி கைடும் சரி என்றார். கடையில் ஓடத் தொடங்கிய நாலாம் நாள் பார்த்தால், காலையில் வந்த மல்லிகை முழுவதும் கிலோ ஒரு ரூபாய் என்று பதிவாகியிருந்தது.

விலைக் கட்டத்தை நாட் நல், அதாவது காலியாக விடக்கூடாது, என்று வைத்திருந்தேன். விலை போடாமல் சேவ் ஆகாது. ஆனால் மூட்டை இறங்கும்போது விலையே கிடையாது. எடை மட்டும் சிட்டையில் ஏறும், வரத்தையும் கிராக்கியையும் பார்த்து அப்புறம்தான் விலை விழும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் என்றால் ஒரே காலையில் பலமுறை மாறும். "பின்னாடி ஆள் நிக்குது தம்பி, மிஷின் ஏதாச்சும் நம்பர் கேக்குது, ஒண்ணு போட்டேன்" என்றார் கணக்குப்பிள்ளை ஐயா. அவர் மேல் தப்பில்லை. காசு கொடுப்பவரிடம் கேட்டு, தட்டச்சு செய்பவரைக் கேட்காமல் விட்டது என் தப்பு. முதலாளி கடைக்கு வருவதே விலை விழுந்த பிறகுதான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் விடியும் முன்பே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரக்கையோடு எழுதுகிறார்கள், அதனால் எண்களை மட்டும் தட்டினால் போதும் என்று திரையை மாற்றினேன். ஒரே பெயரில் நாலு விவசாயிகள் இருப்பார்கள். ஊர்ப்பெயரும் அப்பா பெயரும் சேர்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். இருபது எழுத்து போதும் என்று வைத்த பெயர்க் கட்டத்தில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. நாம் ஒன்றாக எண்ணும் 'கொ' கம்ப்யூட்டருக்கு இரண்டு.

இதெல்லாம் சுலபமாகச் சரியானது. விவசாயிகளுக்குக் கொடுக்கும் முன்பணம்தான் கஷ்டம். யாருக்கு எவ்வளவு கொடுத்தது, எதற்காக, எப்போது பிடிப்பது எல்லாம் ஐயாவின் சின்ன நோட்டில் இருந்தது. அதையும் ஏற்றி, போனில் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. ஐயா மறுக்கவில்லை, "நாளைக்கு ஏத்தலாம் தம்பி" என்றே தள்ளிக்கொண்டு வந்தார். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று அவரை நம்பிச் சொன்னவை அதில் இருந்தன. நோட்டு மிஷினுக்குள் போய்விட்டால் தனக்கு என்ன வேலை என்ற பயமும் இருந்தது. இந்த மாதிரி இடத்தில் புரோகிராம் எழுதுவதை நிறுத்துங்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினேன். தொகை ஏறும், காரணம் ஏறாது, பிடிக்கும் தேதியை மாற்றும் உரிமை ஐயாவின் லாகினுக்கு மட்டும், மாற்றினால் அவர் பெயரில் பதிவாகும் என்று முடிவானது. மறுநாளே நோட்டைக் கொண்டுவந்தார்.

புது சிஸ்டம் வேலை செய்பவர்களுக்கு ஒத்துவருமா என்ற கேள்வி தியரி பேப்பரில் வந்தால் 1951-இல் டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் எழுதிய பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்க ஆய்வைச் சொல்லுங்கள். புதிய இயந்திர முறை வந்தபோது, சேர்ந்து வேலை செய்த சின்னக் குழுக்கள் உடைந்துபோனதைக் காட்டிய ஆய்வு அது. எனிட் மம்ஃபோர்டின் எதிக்ஸ் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பயன்படுத்துபவர்களும் வடிவமைப்பில் பங்கெடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உங்கள் கடையிலிருந்து ஓர் உதாரணமும் பக்கத்தில் இருக்கட்டும்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நார்மலைசேஷன் பற்றி அதிகம் கேட்கவில்லை. "கரண்ட் போனால் என்ன செய்வார்கள்?" என்றார். கையோடு கொண்டுபோயிருந்த சிட்டைப் புத்தகத்தைக் காட்டினேன். திரையில் எந்த வரிசையோ அதே வரிசையில் கட்டங்கள், விலைக் கட்டம் கடைசியில், காலியாக.