விரிசல் 14

மார்ச் 2

நிலநடுக்கத்துல என்ன சேதம்னு பாக்க வந்து சேந்தாச்சு. பழைய கல்கட்டடம், ரோட்லேர்ந்து பாத்தா ஒண்ணுமே ஆகாத மாதிரி நிக்குது, அதான் பயமா இருக்கு. ஜன்னல் வளைவெல்லாம் இடத்துல இருக்கு, பூச்சு கொஞ்சம் கொட்டியிருக்கு, அவ்ளோதான். ஆனா மூலைல நின்னு அண்ணாந்தா முகப்புச் சுவருக்கும் பக்கச் சுவருக்கும் நடுவுல ஒரு கோடா வானம் தெரியுது. தரைகிட்ட 4 மிமீ, மேல கண்ணுக்கே 30க்கு மேல இருக்கும். கீழ ஒடுங்கி மேல அகலமா இருந்தா முகப்பு முன்னாடி சாயுதுன்னு அர்த்தம், இதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், தூக்குக்குண்டு போதும்.

இன்னிக்கு உள்ள யாரும் போகல. கூரைக்கும் ஏறல.

மார்ச் 3

விரிசலுக்கெல்லாம் நம்பர் போட்டோம், 61 வந்துச்சு. ஜன்னலுக்கு நடுவுல இருக்குற தூணெல்லாம் பெருக்கல் குறி மாதிரி வெடிச்சிருக்கு, பாக்க அது பயங்கரமா இருக்கும், போட்டோ எடுக்குறவங்க எல்லாம் அதைத்தான் எடுக்குறாங்க, எனக்கு அது பெரிய கவலை இல்ல. சுவர் தன் நீளத்துலயே ஆடி வெடிச்சா இன்னும் கொஞ்சம் தாங்கும். தட்டி வெளிய தள்ளப்பட்ட சுவர்தான் சொல்லாம விழும்.

பழசு எது புதுசு எதுன்னு ஜூனியருக்கு சொல்லிக்குடுத்தேன். உள்ள டார்ச் அடி, ஒட்டடையோ தூசியோ எப்பவோ அடிச்ச வெள்ளையோ உள்ள இறங்கியிருந்தா பழசு, ஓரம் கூரா, உள்பக்கம் பளிச்சுன்னு இருந்தா போன வாரத்துது. ஒவ்வொண்ணா பாத்துட்டே வந்தவ மூலைல நின்னுட்டு "அக்கா இது ரெண்டும் இருக்கே"ன்னா. ஆமா. பழைய விரிசல், எவனோ சிமெண்ட் வெச்சு அடைச்சு மூடியிருக்கான், அந்த சிமெண்ட் ஒரு பக்கக் கல்லையும் பேத்துக்கிட்டு இப்ப திறந்திருக்கு.

அதுக்கு நம்பர் 14.

மார்ச் 4

ரெண்டு பின்னதிர்வு. செருப்போடயே தூங்குனேன்.

மார்ச் 5

ஜூனியர்கிட்ட கத்திட்டேன். ஒரே ஒரு போட்டோக்காக வளைவுக் கூரைக்கு கீழ போயிருக்கா, ஹெல்மெட் போட்டுருக்கேன்ல அக்காங்குறா. ஹெல்மெட்டு! அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கல, சாயங்காலம் நானே போய் இத்தாலில இருக்குற அசிசி ஊரோட கதையைச் சொன்னேன். 1997 செப்டம்பர் 26, ராத்திரி ஒரு தடவை குலுங்குது, காலைல சேதம் பாக்க ஆளுங்க பெசிலிக்காங்குற பெரிய சர்ச்சுக்குள்ள போறாங்க, மத்தியானத்துக்கு முன்னாடி இன்னொண்ணு வருது, வளைவுக் கூரை கொட்டி நாலு பேர் செத்துப்போறாங்க. ரெண்டு துறவிங்க, ரெண்டு பேர் நம்மள மாதிரி சேதம் பாக்கப் போனவங்க. அதுக்குக் காரணம் தேடும்போது வளைவுக்கு மேல, தோள்பட்டைப் பக்கம், நூத்துக்கணக்கான வருஷமா கூரை ரிப்பேர் பண்ணினவங்க விட்டுட்டுப்போன ஓட்டுத் துண்டும் இடிபாடும் டன் கணக்குல கெடந்துச்சு. யாரும் கெட்டது நினைச்சு போடல. கீழ இறக்க சோம்பேறித்தனம், அங்கயே ஒதுக்கித் தள்ளிட்டாங்க. ஆடும்போது அந்த எடை வளைவை ஒரு பக்கமா அழுத்திருச்சு.

இதைச் சொல்லிட்டு இருக்கும்போதே என் மனசு மேல போச்சு. நாளைக்காவது ஏறணும்.

மார்ச் 6

ஏறல. சாரம் இன்னும் ரெடி இல்லன்னு சொல்லிக்கிட்டேன்.

மேஸ்திரி கூட முழுநாளும் சுத்தியல் வெச்சு தட்டிட்டே போனோம். நல்ல இடம் கணீர்னு கேக்கும், உள்ள விட்டுப்போன இடம் பானையைத் தட்டுன மாதிரி பொத்துன்னு கேக்கும். முகப்புல மூணுல ஒரு பங்கு பொத்து. 70 செமீ சுவர்னு வரைபடத்துல இருக்கு, ஆனா நெஜத்துல ரெண்டு பக்கமும் 20 செமீக்கு நல்ல கல்லு, நடுவுல கையில கெடச்ச ஜல்லி மண்ணு சுண்ணாம்பு. ரெண்டு முகத்தையும் சேத்துப் புடிக்குற நீளக் கல்லு அங்கொண்ணு இங்கொண்ணுதான். ஆட்டம் வந்தா நடுவுல இருக்குறது மூட்டை அரிசி மாதிரி கீழ இறங்கும், இறங்குனா பக்கத்துல தள்ளும், வெளிமுகம் வயிறு வீங்குன மாதிரி உப்பும். ஒவ்வொரு பின்னதிர்வுக்கும் இன்னும் கொஞ்சம் இறங்கும். மேஸ்திரி காதை சுவத்துல வெச்சுட்டு "மேடம், உள்ள மண்ணு ஓடுது"ன்னாரு. நானும் வெச்சேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. நம்புறேன்.

மார்ச் 7

14க்கு ரெண்டு பக்கமும் ஸ்டீல் பின் ஒட்டி, நடுவுல இருக்குற தூரத்தை வெர்னியர் அளவுகோல்ல அளக்க ஆரம்பிச்சோம். மேல ஜிப்சம் பட்டையும் போட்டு தேதி எழுதியாச்சு, அது வெடிச்சா நகந்துச்சுன்னு தெரியும், எவ்ளோன்னு சொல்லாது.

காலைல 6 மணி 11.4 மிமீ. மத்தியானம் 2 மணி 11.1. ஜூனியர் சந்தோஷமா "மூடுது அக்கா!" இல்லடி, வெயில்ல கல்லு விரியுது, விடிகாலைல சுருங்கும், சுவர் மூச்சு விடுற கணக்கு அது. தினம் ஒரே நேரம், பக்கத்துல வெப்பநிலையும் எழுதணும், இல்லன்னா இந்த நம்பருக்கு மதிப்பே இல்ல.

மார்ச் 8

6 மணி 11.4.

ஆபீஸ்லேர்ந்து சார் போன். வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட், இடிக்கிறதா இல்லையா ஒரே வார்த்தைல சொல்லுங்கன்னாரு. ஈஎம்எஸ்-98ங்குற ஐரோப்பிய நிலநடுக்க அளவுகோல்ல சேதத்துக்கு 1லேர்ந்து 5 வரைக்கும் இருக்கு, 4ன்னு போடலாமா, 4ன்னா இடிச்சுரலாம்லன்னு கேட்டாரு. 4ன்னா ரொம்பக் கடுமையான சேதம், அது இப்ப என்ன நெலமைன்னு சொல்றது, நாளைக்கு என்ன பண்ணணும்னு சொல்றது இல்ல. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்றது.

மார்ச் 9

6 மணி 11.6. வெப்பநிலை நேத்து மாதிரியே.

சாரம் ரெடி. ஏறிட்டேன்.

இருக்கு. 15 செமீ கான்கிரீட் ஸ்லாப், சதுர மீட்டருக்கு 375 கிலோ, பழைய மரக்கூரை இதுல மூணுல ஒரு பங்குகூட இருந்திருக்காது. சுவரோட முழு அகலத்துல உக்காரவும் இல்ல, உள்பக்கத்துல கொஞ்சம் வெட்டி அதுல மட்டும் ஏத்தி வெச்சிருக்கு. சுவரோட எதுவும் புடிச்சிருக்கல. குலுங்குனப்ப அது பாட்டுக்கு சறுக்கி முகப்போட தலையை இடிச்சிருக்கு, உரசுன தடம் தெளிவா தெரியுது, 3 செமீ. ஒரு காலத்துல இப்படிப் பண்றதுதான் பலப்படுத்துறதுன்னு எல்லா நாட்டுலயும் நம்புனாங்க, மரத்தைத் தூக்கிட்டு கான்கிரீட் போடு, கட்டடம் பெட்டி மாதிரி ஆயிரும்னு. அதே 1997ல அசிசி இருக்குற உம்ப்ரியா பகுதி கிராமங்கள்ல அந்த மாதிரி "பலப்படுத்துன" வீடுங்கள்ல கனமான கூரை அப்படியே இருக்க, கீழ கல்சுவர் கொட்டிப்போனதைப் பாத்ததுக்கப்புறம்தான் எல்லாரும் யோசிக்க ஆரம்பிச்சாங்க.

எல்லாரும்னா. நாங்க அதுக்கப்புறமும் போட்டோம்.

மார்ச் 10

11.7. ஸ்லாப்.

மார்ச் 11

பழைய வரைபடம் ஃபைல்ல கெடச்சுது, ஜூனியர்தான் விரிச்சா. கீழ மூலைல கட்டத்துல 'கணக்கிட்டவர்'ங்குற எடத்துல ரெண்டே எழுத்து. அவ கவனிக்கல, இல்ல கவனிச்சும் கேக்கல.

ட்ரெயினியா இருந்தேன். குடுத்த ஸ்பேனுக்கு, அதாவது சுவருக்குச் சுவர் தூரத்துக்கு, கம்பி எவ்ளோ வேணும்னு கேட்டாங்க, கணக்குப் போட்டுக் குடுத்தேன், கணக்கு சரிதான், இன்னிக்கு திரும்பப் போட்டுப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு, ஸ்லாப்ல ஒரு கீறல் கூட இல்லையே. கீழ இருக்குற சுவரைப் பத்தி யாரும் கேக்கல நானும் கேக்கல.

மார்ச் 12

11.9.

ஃப்ளாட் ஜாக் போட்டோம். சாந்து வரியில சின்னதா ஒரு வெட்டு, வெட்டுனதும் மேலயும் கீழயும் குறிச்சு வெச்ச புள்ளிங்க கிட்ட வரும், உள்ள மெல்லிசா ஒரு தகட்டுத் தலையணையைச் சொருகி எண்ணெய் ஏத்துவோம், புள்ளி பழைய தூரத்துக்குப் போனதும் அந்த அழுத்தம்தான் சுவர் சுமக்குறது. உள்முகத்துல வெளிமுகத்தை விட மூணு மடங்கு. ஸ்லாப் உக்காந்த இடம். சாப்பிடத் தோணல.

மார்ச் 13

முகப்புக்கு மரமுட்டு குடுத்தாச்சு, சாய்வா மூணு வரிசை. மேஸ்திரி ஆளுங்க நல்ல ஆளுங்க, ஆப்பு அடிக்கும்போது கூட சுவத்தை அதிர விடல. "சும்மா தாங்கிக்கிட்டா போதும், தள்ளக்கூடாதுடா"ன்னு கத்திட்டே இருந்தாரு.

சுவர் வெளிய சாயாம இழுத்துப் புடிக்குற பழைய இரும்பு இழுகம்பி நாலு இருக்கு, தட்டிப் பாத்தோம். இறுக்கமா இருக்குறது வீணைக் கம்பி மாதிரி சுதி மேல நிக்கும், நாலுல மூணு நல்லா பாடுது. 14 பக்கத்துல இருக்குறது மட்டும் ஊமை. அதோட நங்கூரத் தட்டு கல்லுக்குள்ள புதைஞ்சுபோச்சு. அந்தக் கம்பியைப் போட்டவன் யாரோ, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே இந்த மூலைதான் போகும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

மார்ச் 14

ரிப்போர்ட் அனுப்பிட்டேன். இடிக்க வேண்டாம். முதல்ல கட்டு, அப்புறம் இறக்கு, இந்த வரிசை மாறக்கூடாதுன்னு மூணு எடத்துல எழுதியிருக்கேன். அவசரப்பட்டு ஸ்லாப்பை முதல்ல எடுத்தா சுவர் மேல பாரம் குறையும், பாரம் குறைஞ்சா கல்லுக்குக் கல்லு உராய்வும் குறையும், அதே நாள் ராத்திரி ஒரு பின்னதிர்வு வந்தா போச்சு. அதனால புது இழுகம்பி, அப்புறம் சுண்ணாம்புக் கரைசல் ஊசி போடுறது, கீழேர்ந்து மேல, மெதுவான அழுத்தத்துல, அதிகமா ஏத்துனா நாமளே ரெண்டு முகத்தையும் பிரிச்சுருவோம். சிமெண்ட் ஒரு கரண்டி கூட வேண்டாம். அது கல்லை விட கெட்டி, ஈரத்தை வெளிய விடாது, உப்பையும் கூட்டிட்டு வரும், 14ல பாத்தது போதும். கடைசியா ஸ்லாப்பை ரம்பத்துல துண்டு துண்டா அறுத்து இறக்கணும், அதிர அதிர உடைக்குற பிரேக்கர் மெஷின் கூடாது. மேல மரம், இந்தத் தடவை சுவரோட சேத்துக் கட்டி.

வரைபடத்தையும் சேத்து அனுப்பியிருக்கேன். அந்த மூலைக் கட்டத்தோட.

மார்ச் 15

11.9. வெப்பநிலை ஒண்ணரை டிகிரி கம்மி, அதைக் கழிச்சா 11.8ன்னு கூட சொல்லலாம். சொல்லலாமா? முட்டு வேலை செய்யுதா, இல்ல எனக்குப் புடிச்ச நம்பரை நானே பாக்குறேனான்னு தெரியல, நாளைலேர்ந்து ஜூனியர் தனியா அளக்கட்டும், ரெண்டு பேரும் எழுதினப்புறம் ஒப்பிடுவோம்.

மார்ச் 16

நான் 11.9. அவ 11.9.

போன்ல சார் பேசினாரு, அந்த வரைபடத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பெரிசு வந்துட்டுப் போயிருச்சு, இனி படிப்படியா குறையும்னாரு. ஜப்பான் நிலநடுக்க ஆய்வாளர் ஒமோரி 1894லயே சொன்னதுதான், நாளாக ஆக பின்னதிர்வு எண்ணிக்கை குறையும். எண்ணிக்கைதான் குறையும் சார். நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல 2010 செப்டம்பர்ல 7.1 அளவுல வந்துச்சு, 2011 பிப்ரவரி 22ல வந்தது 6.3தான், அளவுல சின்னது, ஆனா ஊருக்கு அடியிலயே, 185 பேர் செத்தாங்க. இத்தாலி நோர்சியால சான் பெனடெட்டோ சர்ச் 2016 ஆகஸ்ட் நிலநடுக்கத்தைத் தாண்டி நின்னுச்சு, அக்டோபர் 30ல வந்ததுல விழுந்துச்சு, முகப்பு மட்டும் நின்னுச்சு. இதெல்லாம் அவருக்கும் தெரியும். நான் எதுக்குப் பேசிட்டே போனேன்னு எனக்கும் தெரியும்.

மார்ச் 17

மழை. மேல தார்ப்பாய் கட்டினோம், ஸ்லாப் மேல நின்னுட்டே.

மார்ச் 18

விடிகாலை 4:20க்கு ஒண்ணு. நீளமா இருந்துச்சு. எல்லாரும் வெளிய வந்து எண்ணிப் பாத்தோம், ஆள் சரியா இருக்கு. முட்டு நிக்குது. முகப்புக்கு கிட்ட யாரையும் விடல, 6 மணிக்கு தூரத்துலேர்ந்து டார்ச் அடிச்சுப் பாத்தா 14 மேல போட்ட ஜிப்சம் பட்டை ரெண்டா வெடிச்சிருக்கு, தேதிக்கும் மாசத்துக்கும் நடுவுல. ஜூனியர் வெர்னியரை எடுத்துட்டு நிக்குறா, நான் இருன்னு சொல்லிட்டு இருக்கேன். ஜிப்சம் தீந்துருச்சு, ஒரு மூட்டை சொல்லணும்.