புயலில் ஒரு குடும்பப் படகு: நாட்குறிப்பு

ஏப்ரல் 6

12 மீட்டர் பாய்மரப் படகு, இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். இங்கே எழுதப்போவது எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான். பந்தயப் படகில் எட்டுப் பேர் இருப்பார்கள். ஒருவர் படுத்துவிட்டால் மீதி ஏழு பேர் பார்த்துக்கொள்வார்கள். குடும்பப் படகில் ஒருவர் வாந்தியில் சுருண்டால் ஆள்பலத்தில் பாதி போச்சு. மீதி ஒருவர் சுக்கானையும் பிடித்து, பாயையும் இறக்கி, பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான புயல்களில் படகுக்கு முன்னால் ஆள் ஓய்ந்துவிடுகிறார். எனவே கை ஈரமாகும் முன், குமட்டல் தொடங்கும் முன் எதையெல்லாம் செய்து முடிக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி.

ஏப்ரல் 7

காற்றழுத்தமானி. மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுதுவது எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாராளமாக முடிகிற வேலை. நேரம், அழுத்தம், காற்றின் திசை, வேகம் என்று நான்கு பத்தி போதும். மூன்று மணி நேரத்தில் 3.6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால் வேகமான இறக்கம். 6-ஐத் தாண்டினால் மிக வேகம், உடனே பெரியவர்களை எழுப்ப வேண்டும். வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும். காலை, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். அந்த ஊசலைக் கழித்துவிட்டு, அந்தப் பருவத்தின் சராசரியைவிட 3 குறைந்தால் சந்தேகப்படலாம். 5 குறைந்தால் சந்தேகமே வேண்டாம், புயல் அருகில்தான்.

மையம் எந்தப் பக்கம்? வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம். தென் அரைக்கோளத்தில் வலப்பக்கம்.

இன்னொன்று. அழுத்தம் ஏற ஆரம்பித்ததும் "தாண்டிவிட்டோம்" என்று மூச்சு விடுகிறவர்கள் அதிகம். கடுமையான வீச்சு பல தடவை அப்போதுதான் வரும். காற்று திசை மாறியிருக்கும், பழைய அலை பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும், புது அலை அதைக் குறுக்கே வெட்டும். படகைப் புரட்டுவது அந்தக் குறுக்கலை.

ஏப்ரல் 9

முன்னறிவிப்பில் "அலை 5 மீட்டர்" என்று போட்டிருந்தால், உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. சில மணி நேரம் அந்தக் கடலில் கிடந்தால் 9, 10 மீட்டர் அலை ஒன்றாவது வரும். காற்றும் அப்படித்தான்: 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) 40 நாட் ஆனால் பாயில் விழும் அழுத்தம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

ஏப்ரல் 10

பாயைச் சுருக்கும் வரிசை. ஒருவர் பாய்மரத்தடியில், ஒருவர் சுக்கானில்.

முதலில் மெயின் பாயின், அதாவது பெரிய பாயின், இழுகயிற்றைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். பூம் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைமரம்) விழாமல் தாங்குகயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு ஏற்றுகயிற்றை, முன்கூட்டியே நூல் சுற்றி வைத்த அடையாளம் வரை மட்டும் இறக்கி, பாயின் முன்முனை வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஏற்றுகயிற்றை மறுபடி விறைப்பாக்க வேண்டும். கடைசியில் பின்முனைக் கயிறு. இந்த வரிசை மாறினால் பாய் கிழியும்: முன்முனை மாட்டும் முன் பின்முனையை இழுத்தால் இழுவை முழுதும் பாயின் முன்விளிம்பு ஸ்லைடுகளில் விழுந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிக்கும். அந்த நூல் அடையாளம் சின்ன விஷயம் போலத் தெரியும். இருட்டில், கையுறையோடு, விரல் தடவிக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி.

எப்போது சுருக்குவது? "சுருக்கலாமா" என்று மனதில் பட்ட உடனே.

ஏப்ரல் 13

இன்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பாய் சுருக்கியாயிற்று, காற்று இன்னும் ஏறுகிறது. அடுத்து என்ன?

கையால் சுக்கான் பிடித்து ஓடுவது பந்தயக்காரர்களுக்குச் சரி. இரண்டே பெரியவர்கள் மாறி மாறிப் பிடித்தால் ஒரே இரவில் இருவரும் ஓய்ந்துவிடுவார்கள். எனவே ஆள் இல்லாமல் படகு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் முறைதான் குடும்பத்துக்கு ஏற்றது.

ஒன்று, படகைக் காற்றில் நிறுத்திப்போடுவது. முன்பாயாகச் சின்னப் புயல்பாயை ஏற்றி, அதைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டி, மெயின் பாயை முடிந்தவரை சுருக்கி, டில்லரை (சுக்கானின் கைப்பிடித் தண்டை) காற்று போகும் பக்கம் கட்டிவைத்தால், முன்பாய் அணியத்தை (படகின் முன்பகுதியை) தள்ளும், மெயினும் சுக்கானும் திருப்பும். இரண்டும் சமன் ஆகிப் படகு மெல்லப் பக்கவாட்டில் நகரும். ஸ்டியரிங் சக்கரம் இருந்தால் அதைக் காற்று வரும் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டும். படகு நகர்ந்து போன வழியில், காற்று வரும் பக்கம், எண்ணெய் தடவியது போல ஒரு வழுவழுப்பு தெரியும். அலை அங்கே உடைவது குறையும். படகு முன்னோக்கி ஓடினால் அந்த மறைவைவிட்டு வெளியே போகிறது என்று பொருள். முன்பாயைக் குறைக்க வேண்டும். ஒல்லியான கீல் (அடியில் நீருக்குள் இறங்கும் துடுப்புப் போன்ற பகுதி) உள்ள புதுப் படகுகள் இதற்கு எளிதில் படியாது. 20, 25 நாட் காற்றில் பகலில் பழகிப் பார்த்துத்தான் அது தெரியவரும்.

அலை பெரிதாக உடையத் தொடங்கினால் இது போதாது. படகின் நீளத்தில் சுமார் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் கவிழ வாய்ப்பு உண்டு. 60 சதவீதம் என்றால் அநேகமாகக் கவிழும். 12 மீட்டர் படகுக்கு இது 3.6 மீட்டரும் 7.2 மீட்டரும். எக்காரணம் கொண்டும் பக்கத்தைக் காட்டக் கூடாது.

அதற்குத்தான் தொடர் டிரோக். டிரோக் என்றால் படகின் வேகத்தைக் குறைக்கப் பின்னால் நீரில் இழுத்துவிடும் தடை. அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் ஜோர்டான் வடிவமைத்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 1987 அறிக்கையில் சோதனை விவரங்கள் வந்தன. நீண்ட கயிறு முழுக்கச் சின்னத் துணிக் கூம்புகள், கடைசியில் ஒரு கனம். சுமார் 9 டன் படகுக்கு 116 கூம்பு. பின்புறத்தின் இரு மூலையிலிருந்தும் இழுத்து விடுவார்கள். ஒற்றைப் பெரிய டிரோக் அலையின் முகத்திலிருந்து வெளியே பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். தொடரில் எப்போதும் சில கூம்புகளாவது நீரைக் கவ்வியிருக்கும். கெட்டுப்போவது எங்கே? கயிறு உரசும் இடத்தில்தான். பின்மூலையில் சாதாரண வளையத்தில் மாட்டினால் போதாது: இழுவை படகின் எடையில் 70 சதவீதம் வரை போகலாம், அது ஒரே மூலையில் விழவும் கூடும். உடலோடு போல்ட் போட்ட எஃகுப் பட்டை தேவை. இன்னொரு குறை, திரும்ப இழுத்தெடுப்பது மணிக்கணக்கான வேலை.

ஏப்ரல் 14

டிரோக் விட்டிருக்கும்போது படகின் பின்புறம் அலையைப் பார்த்துக் கிடப்பதால் கேபின் வாசல் பலகைகள் மூடி, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும்படி தாழிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கயிறு.

ஏப்ரல் 17

தண்ணீர். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 5 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை விழுந்தால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். கைப்பம்பு ஈடு கொடுக்காது. ஆகவே ஒவ்வொரு கடல்வால்வின் (படகின் உடலைத் துளைத்துப் போகும் குழாயின் வால்வு) பக்கத்திலும் துளையை அடைக்க அதற்கேற்ற கூம்பு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். கழிப்பறை, கழுவுதொட்டி வால்வுகளைப் புயலுக்கு முன்பே மூடிவிட வேண்டும். பம்பு நிற்பது பெரும்பாலும் குப்பையால்: டின்னிலிருந்து உரிந்த லேபிள், தலைமுடி, ஊறிப்போன காகிதம். டின்களின் லேபிளைக் கிழித்துவிட்டு மார்க்கரில் எழுதிவைப்பது அதற்காகத்தான். இதையும் பிள்ளைகளிடம் விடலாம், ரசித்துச் செய்வார்கள்.

1957 பிப்ரவரியில் கேப் ஹார்னுக்கு மேற்கே 'ட்ஸு ஹாங்' என்ற படகு தலைகுப்புறப் புரண்டது. மைல்ஸ், பெரில் ஸ்மீட்டன் தம்பதியும் நண்பர் ஜான் கஸ்வெலும் அதில் இருந்தார்கள். பாய்மரங்கள் முறிந்தன, மேல்தளக் கூடு பிய்ந்துபோனது. பெரில் கடலில் வீசப்பட்டார், இடுப்புக் கயிறு அறுந்துவிட்டது. முறிந்து மிதந்த மரத்தைப் பிடித்து நீந்தி வந்தவரைத் தூக்கினார்கள். ஓட்டையைப் பலகையும் பாயும் கொண்டு மூடி, தண்ணீரை வாளியால் இறைத்து வெளியேற்றினார்கள். தற்காலிக மரம் நட்டுச் சிலி நாட்டுக் கரைக்கு ஓட்டியும் போனார்கள். நல்ல வாளி இரண்டு, கைப்பிடி கழலாதது, எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஏப்ரல் 20

பிள்ளைகள். புயலில் அவர்கள் இடம் கீழே, படகின் நடுப்பகுதியில், தரைக்கு அருகில், படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பு கட்டி. பேட்டரி, தரைப்பலகை, கருவிப்பெட்டி எல்லாம் திருகியோ வாரிட்டோ இருக்க வேண்டும். படகு புரளும்போது முதலில் மண்டையைப் பிளப்பது பறந்து வரும் டின்தான். நீர் பட்டதும் தானே ஊதும் மிதவைச் சட்டையைக் கேபினுக்குள் போடக் கூடாது. உள்ளே நீர் ஏறினால் ஆளைக் கூரையோடு ஒட்டிவைத்துவிடும். மேலே வருகிறவருக்கு மிதவைச் சட்டையில் தொடையிடைப் பட்டி கட்டாயம், இல்லாவிட்டால் தலைவழியே கழன்றுவிடும். பாதுகாப்புக் கயிறு படகில் மாட்டப்பட வேண்டும். அம்மா இடுப்பிலோ அப்பா இடுப்பிலோ அல்ல.

குமட்டல் மாத்திரை குமட்டலுக்கு முன்பே. பிள்ளைகளுக்கான அளவை மருத்துவரிடம் முன்கூட்டிக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, மடக்கு மடக்காக.

பிள்ளைகள் பயப்படுவார்கள், பயப்படட்டும். "ஒன்றுமில்லை" என்று பொய் சொன்னால் அடுத்த அலையிலேயே பிடிபட்டுவிடும். "இந்தச் சத்தம் பூமுடையது, அந்தச் சத்தம் டிரோக் கயிறு இழுபடுவது" என்று சொல்லிக்கொடுத்தால், சத்தம் மாறும்போது முதலில் சொல்வது அவர்களாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 22

அபாய அழைப்பு. ரேடியோ பக்கத்தில் ஓர் அட்டை, பெரிய எழுத்தில்: சேனல் 16, "மேடே" என்ற அபாயச் சொல் மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, எம்.எம்.எஸ்.ஐ. எண் (படகின் ரேடியோ அடையாள எண்), இருக்குமிடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். பத்து வயதுப் பிள்ளை ஜி.பி.எஸ். திரையைப் பார்த்து இதை வாசிக்கப் பழகியிருக்க வேண்டும். செயற்கைக்கோள் வழியே அபாயச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் எபிர்ப் கருவி பதிவு செய்யப்படாமல் இருந்தால், அது யாருடையது என்று விசாரிப்பதிலேயே நேரம் போய்விடும்.

படகைக் கைவிட்டு, காற்றடைத்த உயிர்காக்கும் மிதவைப்படகில் எப்போது ஏறுவது? 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் பந்தய வீரர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப் போன படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை 5. மற்ற 19-உம் பிறகு மிதந்தபடியே மீட்கப்பட்டன. படகு மூழ்கித் தாழ்ந்து, அதிலிருந்து மேலே ஏறித்தான் மிதவைப்படகுக்குப் போக வேண்டும் என்ற நிலை வரும்வரை, அல்லது தீ பிடித்தாலொழிய, படகிலேயே இருங்கள்.

ஏப்ரல் 26

ஓய்ந்த பிறகு. முதலில் சூடாக ஏதாவது குடித்துவிட்டு, தூங்காதவர் தூங்கட்டும். பிறகு பாய்மரக் கம்பிகள் ஒவ்வொன்றையும் முனைகளில் பார்க்க வேண்டும்; ஓர் இழை தெறித்திருந்தாலும் அந்தக் கம்பியை நம்பிப் பாய் விரிக்கக் கூடாது, மாற்றுக் கயிறு கட்டிவிட்டுத்தான். எஞ்சினைத் தொடும் முன் படகைச் சுற்றி நடந்து, நீரில் தொங்கும் கயிறுகளை எண்ணி எண்ணி மேலே இழுத்துப் போட வேண்டும். புயலைத் தாண்டி வந்த படகுகள் பல, அமைதியான கடலில் புரொப்பல்லரில் சொந்தக் கயிறே சுற்றி நின்றுபோயிருக்கின்றன.