ஐந்து துண்டுகளாக ஒரு பாடம்

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

மலேசியாவில் நான் வரலாறு கற்பிக்கும் படிவம் நான்கு (பதினாறு வயதினர்) வகுப்பில் மலாய் மாணவர்கள் சன்னலோரம், சீன மாணவர்கள் நடுவில், நம் தமிழ்ப் பிள்ளைகள் கதவோரம் என்று யாரும் சொல்லாமலேயே இடம் பிரிந்துவிடுகிறது. தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என ஆறாண்டுகள் தனித்தனியே படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளியில்தான் இவர்களில் பலர் முதன்முறையாக ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள் என்பதால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஆண்டு இடம் மாற்றி உட்கார வைத்தும் பார்த்தேன். பக்கத்தில் இருந்தார்கள், ஆனால் பேசிக்கொள்ளவில்லை.

24 ஏப்ரல், வியாழன்

1971-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளியினரின் பிள்ளைகள் ஒரே பள்ளிகளில் சேர்க்கப்பட்டபோது கைகலப்பு மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளில் அமர்ந்து கவனித்து, ஆசிரியரின் பாராட்டுக்காகப் பிள்ளைகள் போட்டியிடும் முறையே பகையை வளர்க்கிறது என்று கண்டார்கள். அதற்கு மாற்றாக அவர்கள் வகுத்ததுதான் ஜிக்சா (துண்டுகளைச் சேர்க்கும் படப்புதிர்) முறை: பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவில் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும், ஒரே துண்டைப் பெற்றவர்கள் தனியே கூடித் தெளிந்தபின், சொந்தக் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும், சோதனை மட்டும் முழுப் பாடத்திலும் நடக்கும். இதை ஒரு கற்பித்தல் உத்தியாக மட்டும் ஆசிரியர்களான நமக்கு அறிமுகப்படுத்திவிட்டு, எந்தக் காயத்துக்கு மருந்தாகப் பிறந்தது என்பதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமே.

6 மே, செவ்வாய்

மலாயாவின் விடுதலைப் பாடத்தை 1955 தேர்தல், 1956 லண்டன் பேச்சுவார்த்தை, அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம், அரசியலமைப்பு, 31 ஆகஸ்டு 1957 என ஐந்தாகப் பிரித்தேன். தேர்தல் துண்டு, மலாய் மொழியில் தடுமாறும் ஒரு சீன மாணவனுக்குப் போனது. கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51-ஐ வென்றது என்று தாளைப் பார்த்தே வாசித்துவிட்டு அவன் நிறுத்திக்கொள்ள, “அந்த ஓர் இடம் யாருக்குப் போனது?” என்று எதிரே இருந்த மலாய் மாணவி கேட்டாள். அவன் திகைத்தான். அவனை விட்டால் சோதனையில் அதற்கு விடை சொல்ல ஆளில்லை என்பதால், அவள் கேள்வியையே எளிய சொற்களில் மீண்டும் கேட்டாள். பக்கத்தில் இருந்த நம் பையன் தாளின் ஓரத்தில் கட்சிப் பெயர்களை எழுதிக்காட்டினான். சீன மாணவன் பாஸ் கட்சியின் பெயர்மீது விரலை வைத்து, “கிரியான் தொகுதி” என்றான். நான் அருகே போகாமல் நின்றுகொண்டேன்.

8 மே, வியாழன்

ஒரு குழுவில் மட்டும், நன்றாகப் படிக்கும் மாணவி எல்லாத் துண்டுகளையும் தானே விளக்கிவிட்டாள். அடுத்த முறை குழுத்தலைமையை அவளிடம் கொடுத்து, மற்றவர்களைப் பேசவைக்கும் பொறுப்பை ஒப்படைக்கப் போகிறேன். சிற்றுண்டிச்சாலையில் இன்றும் பழையபடி இனவாரியான மேசைகள்தான். குழுக்களைக் கலைக்காமல் பள்ளி விடுமுறை வரை தொடர்வேன்.